சாப்பாட்டு மேசையில் விட்டுவந்த மெஷின்

புறப்பட்ட பிறகு திரும்பக் கூடாது என்று யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. பார்த்துப் பழகியதுதான். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்த பிறகு குடை ஞாபகம் வந்தால், நனைந்துகொண்டே பஸ் ஸ்டாப்புக்குப் போவேனே தவிரத் திரும்பிப் போய் எடுக்க மாட்டேன். அப்படியும் திரும்ப நேர்ந்தால், ஒரு வாய் தண்ணீர் குடித்து, சாமி படத்துக்கு முன்னால் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். பள்ளிக்கூடக் கேண்டீனில் தோசை சுட்ட காலம் முழுக்க இப்படித்தான் இருந்தேன். ஒரு கெடுதலும் வந்ததில்லை. அதனால் அது சரியென்றே நினைத்திருந்தேன்.

என் மகள் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் உண்டானாள். முப்பத்தேழு வயது. அவளுக்கு முன்பே கொஞ்சம் பிரஷர் உண்டு. முதல் தடவை மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து, "அம்மா, என்னை ஹை ரிஸ்க்ல போட்டிருக்காங்க" என்றாள்.

"அப்படின்னா?"

"கவனமா இருக்கணும்னு அர்த்தம். எனக்கும் பாப்பாவுக்கும் ஆபத்து வரலாமாம்."

"வாயைக் கழுவு. மாசமா இருக்கிற வாயில நல்லதே வரட்டும். மேல தேவதைங்க அப்படியே ஆகட்டும்னு சொல்லிக்கிட்டே இருக்கும்."

அவள் சிரித்தாள். "டாக்டர் சொன்னதைத்தானே சொல்றேன். அவர் வாயையும் கழுவச் சொல்லவா?"

அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தையை அதற்குப் பிறகு என் முன்னால் அவள் சொல்லவில்லை.

மருத்துவமனையில் காலையும் மாலையும் வீட்டிலேயே பிரஷர் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு சின்ன வெள்ளை மெஷினும் கையில் சுற்றுகிற பட்டையும் வாங்கினாள். பொங்கோலில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அது இருக்கும். எண் இவ்வளவுக்கு மேல் போனால் உடனே வா, தலைவலி நிற்காவிட்டால் வா, கண்ணில் ஏதாவது மின்னினால் வா, விலா எலும்புக்குக் கீழே வலித்தால் வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் சொல்லாமல் போனாளா, சொல்ல வந்தபோது நான் கேட்காமல் போனேனா என்று கேட்டால், இரண்டாவதுதான். "எந்நேரமும் கையில பட்டையைக் கட்டிக்கிட்டு, இல்லாத வியாதிய வரவழைக்காத" என்று ஒருநாள் சொன்னது நான்தான்.

ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு நாள் குறித்தோம். தேக்கா கடைத்தெருவுக்குப் போய் வளையல் வாங்கினேன். சிராங்கூன் சாலையில் வழக்கமாகப் போகிற கடை. அவளுடைய கை அளவு எனக்குத் தெரியும். இருந்தாலும் கடைக்காரப் பெண், "மாசமா இருக்கிற பொண்ணுக்கு ஒரு சைஸ் பெருசா எடுங்க ஆன்ட்டி" என்றாள். எடுத்தேன். பச்சையும் சிவப்பும் கலந்து கண்ணாடி வளையல். அப்படியே அம்மன் கோயிலுக்குப் போய், சாமி காலடியில் வைத்து வாங்கிக்கொண்டேன். அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

வளைகாப்பு பொங்கோல் வீட்டில் நடந்தது. ஏழு வகை சாதம், அப்பளம், வடுமாங்காய். மகளை மனையில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, ஒவ்வொருவராக வளையல் போட்டோம். ஒரு சைஸ் பெரிதாக வாங்கியும் வளையல் ஏறவில்லை. மாப்பிள்ளையின் அக்கா முழங்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி ஏற்றினாள்.

"என்ன அத்தை, உங்க பொண்ணு கை இப்படிக் கொழுகொழுன்னு ஆயிடுச்சு? எங்க தம்பி சம்பளம் எங்க போகுதுன்னு இப்பத்தான் தெரியுது!"

"ஆமா அண்ணி, டெய்லி பரோட்டா" என்றாள் மகள். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"முகத்துல பூரிப்பைப் பாரு" என்றார் ஒரு பெரியம்மா. நானும் பார்த்தேன். கன்னம் உப்பி, கண் சற்றுச் சிறுத்து, மூக்கு பருத்திருந்தது. பூரிப்பு என்றுதான் நானும் நினைத்தேன். மோதிரத்தை அவள் முந்தின வாரமே கழற்றிவிட்டிருந்தாள். அதையும் கவனித்தேன். தொலைந்துபோகாமல் பத்திரமாக வைத்தாயா என்று மட்டும் கேட்டேன்.

வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவது முறை. நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டும். எங்கள் வீடு சுவா சூ காங்கில். தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. மாப்பிள்ளை தன் அக்காவின் காரை இரவல் வாங்கியிருந்தார். பெட்டி, தலையணை, மிச்ச சாதம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கார் பார்க்கின் தடுப்புக் கம்பி மேலே எழும்பிய பிறகு மகள் சொன்னாள்:

"அய்யோ, மெஷினை விட்டுட்டேன்."

மாப்பிள்ளை பிரேக்கில் கால் வைத்தார். "ஒரு சுத்து சுத்தி வந்துடறேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகாது."

"வேணாம் மாப்பிள்ளை" என்றேன். "வளைகாப்பு முடிஞ்சு கிளம்பின பொண்ணு. திரும்பக் கூடாது."

"நீங்க உள்ளயே உட்காருங்க அத்தை, நான் மட்டும் ஓடிப் போய் எடுத்துட்டு வரேன்."

"வண்டி திரும்பினாலும் திரும்பினதுதான். அது என்ன, ஓடியா போயிடப் போவுது? வெள்ளிக்கிழமை வரும்போது கொண்டாங்க."

அவர் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். "சரி, பரவால்ல. அம்மா ஒத்துக்க மாட்டாங்க, போங்க" என்றாள். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. போய்விட்டோம்.

மாப்பிள்ளைக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. அந்த வாரம் முழுக்க மத்தியான ஷிப்ட். மறுநாள் போன் செய்து, "வேலை முடிஞ்சு கொண்டு வரவா?" என்று கேட்டார். "அலைய வேணாம், வெள்ளிக்கிழமை போதும்" என்று அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே ஒரு கிளினிக் இருக்கிறது. லிப்டில் இறங்கினால் அங்கே பிரஷர் பார்த்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் தலை வலிக்கிறது என்றாள். இத்தனை பேர் கண் பட்டால் வலிக்காமல் என்ன செய்யும்? உப்பு, மிளகாய் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி, அடுப்பில் இரும்புச் சட்டியில் போட்டேன். மிளகாய் காந்தல் வரவே இல்லை. "பாத்தியா, எவ்வளவு கண்ணுன்னு!" என்றேன். அப்புறம் ஒரேயடியாக வந்தது. எதிர் வீட்டுச் சீனப் பாட்டி இருமிக்கொண்டே கதவைத் திறந்து, "ஆன்ட்டி, வாட் யூ குக்கிங் லா!" என்று கத்தினார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே, வலது பக்கம் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. லேசா வலிக்குது."

"வாயுவா இருக்கும்." ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குடித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். அது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் சோபாவில் உட்கார்ந்திருந்தவள், "அம்மா, டிவிக்குப் பக்கத்துல ஏதோ மின்னுது" என்றாள். அங்கே ஒன்றுமில்லை. அவளே மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். அவர் வேலை செய்யும் இடத்திலிருந்தே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வந்த பையன்கள் அவள் கையில் பட்டையைச் சுற்றினார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு ஒருவன் மற்றவனைப் பார்த்தான். மறுபடி சுற்றினான். எனக்கு எண் புரியாது. அந்தப் பார்வை புரிந்தது.

மருத்துவமனையில் ஒரு கையில் மருந்து ஏற்றினார்கள், தொடையில் ஊசி போட்டார்கள். வலிப்பு வந்துவிடாமல் இருக்க ஒன்று, பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஒன்று என்றார் மாப்பிள்ளை. யூனிபார்மோடு ஓடி வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மகளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. உள்ளே நஞ்சுக்கொடி கர்ப்பப்பையை விட்டுப் பிரிகிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள்.

அப்போதுதான் வளையல். ஆபரேஷன் அறைக்குள் அதோடு போகக் கூடாதாம். பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்று போட்ட வளையல் அது. ஒரு மலாய் நர்ஸ் சோப்பு நுரையைத் தடவிக் கழற்றப் பார்த்தார். இரண்டு மூன்று வந்தன. மற்றவை வீங்கின கையில் பதிந்து கிடந்தன. அவர் ஒரு துணியை எடுத்து மணிக்கட்டில் சுற்ற ஆரம்பித்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"உடைக்க மட்டும் வேணாம்னு சொல்லுங்க மாப்பிள்ளை. சுமங்கலிப் பொண்ணு."

மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தார். படுக்கையிலிருந்து மகள்தான் சொன்னாள்: "அம்மா, உடைக்கட்டும்மா. நேரமில்ல."

துணிக்குள் நொறுங்குகிற சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான். அந்த நர்ஸ் என் தோளைத் தொட்டு, "தாக் அப்பா, மாக்சிக்" என்றார். பரவாயில்லை அம்மா என்று. எத்தனையோ வருஷமாக மார்க்கெட்டில் கேட்ட மலாய் வார்த்தை. அன்றைக்கு அதற்குத் தலையாட்டக்கூட என்னால் முடியவில்லை.

பெண் குழந்தை. மாதத்துக்கு ஏற்ற எடைகூட இல்லை என்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தாள். திருநீறு பூச விடமாட்டார்கள் என்று தெரியும், கேட்கவில்லை. பெட்டிக்கு வெளியே நின்று விரலால் என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். என் மகளை ஒரு முறை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் துளை வழியாகக் கையை விட்டாள். பிள்ளை அவள் சுண்டுவிரலைப் பிடித்தது. அவ்வளவுதான். அந்த வாரம் முடியும் முன்பே பேத்தி போய்விட்டாள்.

நான் சாமியைத் திட்டவில்லை. அக்கம்பக்கத்தில் ஆறுதலுக்கு வந்தவர்கள், "விதி, நாம என்ன செய்ய முடியும்" என்றார்கள். தலையாட்டினேன். ஆனால் திரும்பாதே என்று அம்மன் வந்து சொல்லவில்லை. காரில் உட்கார்ந்து சொன்னது நான். அதை அம்மன் பெயரில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

மகள் என் வீட்டுக்கு வரவில்லை. மருத்துவமனையிலிருந்து நேரே பொங்கோலுக்குப் போனாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் போன் செய்தாள். "சாப்பிட்டியாம்மா, கால்வலி எப்படி இருக்கு, நான் நல்லா இருக்கேன்." எப்போதும் நல்லாத்தான் இருந்தாள். தையல் பிரிந்து மறுபடி டாக்டரிடம் போனதை மாப்பிள்ளையின் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நல்லதை மட்டும் பேசு என்று நான் பழக்கினேன் அல்லவா, பழகிக்கொண்டாள்.

சில வாரம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது, "நானும் வரவா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வா என்றாள். டாக்டர் பெரியவர், சீனர், மெதுவாகப் பேசினார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"ரெண்டு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா பிள்ளை இருந்திருக்குமான்னு கேளு."

"அம்மா, விடேன்."

"கேளு."

கேட்டாள். அவர் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். ரொம்ப நேரம் சொன்னார். ஒரு விரலைத் தூக்கினார், இரண்டு விரலைத் தூக்கினார். "இன்ஜெக்ஷன்" என்றார். "டூ டேஸ்" என்றார். "லங்ஸ்" என்றார். பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"என்ன சொல்றாரு?"

"சொல்ல முடியாதுங்கறாரு" என்றாள் மகள்.

அவ்வளவு நீளமான பதிலுக்கு ஒரே வார்த்தை. நான் ஆறாம் வகுப்புதான். ஆனால் கேண்டீனில் முப்பது வருஷம் பிள்ளைகளும் டீச்சர்களும் பேசுவதைக் கேட்டவள். இன்ஜெக்ஷன் எனக்குத் தெரியும். டூ டேஸ் தெரியும். அந்த ஊசி முழுதாக வேலை செய்ய எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரம் நான் மிளகாய் சுற்றிக்கொண்டும் ஓமம் கொதிக்க வைத்துக்கொண்டும் இருந்தேன். அப்போதும் பிழைத்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. தலையை இரண்டு பக்கமும்தான் ஆட்டினார். ஆனால் மிச்சத்தை என் மகள் தன்னோடு வைத்துக்கொண்டாள். எனக்காகத்தான். எம்ஆர்டி ரயிலில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் மணிக்கட்டில் கண்ணாடி கீறின கோடு ஒன்று இருந்தது. இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

மறுபடி உண்டானதை அவள் எனக்கு நாலாம் மாதம்தான் சொன்னாள். "கோச்சுக்காதம்மா" என்றாள். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? "நான் பொங்கோலுக்கு வந்து இருக்கவா?" என்று கேட்டேன். "சும்மா வா. ஆனா மிளகாய் சுத்தக் கூடாது" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

கூடத்தில் பாய் விரித்துக்கொண்டேன். இந்தத் தடவை ஆரம்பத்திலேயே இராத்திரி ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அடிக்கடி ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, பிள்ளைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது. மெஷினை எப்படி வைப்பது என்று மகளிடமே கற்றுக்கொண்டேன். சாப்பிட்ட கையோடு பார்க்கக் கூடாது. கால் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கை நெஞ்சு உயரத்தில். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும்.

"முணுமுணுக்காதம்மா."

"நான் மனசுக்குள்ளதான் கும்பிடறேன்."

"உன் மனசு எனக்குக் கேக்குது. பிரஷர் ஏறுது."

மாப்பிள்ளையின் அக்கா ஏழாம் மாதத்தில் போன் செய்தாள். "என்ன அத்தை, நாள் பாத்தாச்சா? மொதத் தடவை ஏழு சாதம், இந்தத் தடவை ஒண்ணுகூட இல்லியா?" வளைகாப்பு இல்லை என்றேன். "சரிதான் அத்தை" என்றாள். நான் தனியாகத் தேக்காவுக்குப் போய் அதே பச்சையும் சிவப்பும் வாங்கி, கோயிலில் அம்மனுக்கே சாத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். எவ்வளவு போட்டாலும் அம்மனுக்குக் கை வீங்காது.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை. பட்டை இறங்கியதும் எண்ணை முதலில் நான்தான் பார்த்தேன். மகள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கெட்டதை வாயால் சொல்லக் கூடாது என்று அறுபது வருஷமாக இருந்த வாய்.

"எவ்வளவும்மா?"

சொன்னேன். இரண்டு எண்ணையும் சொன்னேன். "ஜாஸ்திடா. கிளம்பு" என்றேன். அவள் கண்ணைத் திறந்து, எண்ணைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

அன்று அட்மிட் செய்து, மருந்தை மாற்றி, பிள்ளையின் நுரையீரலுக்கான ஊசியையும் போட்டு, இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் நான் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். யாரும் அவசரமாக ஓடவில்லை. இப்படியும் இருக்கலாம் போல, இவ்வளவு சாதாரணமாக, என்று தோன்றியபோதுதான் எனக்கு அழுகை வந்தது. முதல் பேத்திக்காக அழாததெல்லாம் அங்கேதான் அழுதேன்.

இப்போது பேரனுக்கு நடக்கத் தெரியும். அந்த மெஷின் பட்டனைத்தான் அழுத்த ஓடுவான். அவனைத் தூக்கும்போதெல்லாம் இன்னொருத்தி இவனைவிடப் பெரியவளாக இருந்திருப்பாள் என்று நினைக்காமல் தூக்க எனக்கு இதுவரை முடியவில்லை. மகளிடம் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. அவளும் நினைப்பாள்.

அவனைத் தேதி குறித்து எடுத்தார்கள், நாள் நிறையும் முன்பே. அன்றைக்குக் காலை டாக்ஸியில் கிளம்பினோம். சீனத் தாத்தா ஒருவர் ஓட்டினார். முன்சீட்டில் மாப்பிள்ளை. அதே கார் பார்க், அதே தடுப்புக் கம்பி. அதைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்த பிறகு மகள் பையைத் துழாவினாள்.

"ப்ச். போன் சார்ஜரை விட்டுட்டேன். பரவால்ல, அங்க வாங்கிக்கலாம்."

"அங்கிள்," என்றேன் நான். "யூ-டர்ன். யூ-டர்ன், ப்ளீஸ்."

தாத்தா பதறிப்போனார். "ஆன்ட்டி, பேபி கமிங் ஆ?"

"நோ, நோ. ஃபர்காட். சார்ஜர்."

"சார்ஜர் ஒன்லி? சிக்ஸ் டாலர் லா, ஹாஸ்பிட்டல் ஆல்சோ ஹேவ்!"

"திருப்பச் சொல்லுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அங்கிள், ப்ளீஸ் டர்ன் பேக்" என்று மட்டும் சொன்னார். வண்டி திரும்பியது. மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீறின இடம் அது.

மாப்பிள்ளை மேலே ஓடிப் போய்ச் சார்ஜரை எடுத்து வந்தார். தண்ணீர் குடிக்கவில்லை, உட்காரவில்லை. உண்மையில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.